திருப்பரங்குன்றத்தில் ஒரு ஆன்லைன் ஆங்கில ஆசிரியை: நான்கு ஆண்டு வருமானத்தின் கணக்கு

மதுரையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். இங்கே எழுதியிருப்பது என்னிடம் கணக்கு வைத்திருக்கும் ஒரு ஆசிரியையின் அனுபவம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் இல்லை, ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். "ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தால் டாலரில் சம்பாதிக்கலாமாமே, நிஜமா சார்?" என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்று தோன்றியது.

பின்னணி

முப்பத்தைந்து வயதை ஒட்டியவர். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். திருநகர் பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழெட்டு ஆண்டு வேலை. கடைசியாக வாங்கிய சம்பளம் 15,000 ரூபாய். கணவர் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு மகள். திருப்பரங்குன்றத்தில் மாமனார் கட்டிய வீட்டில் கூட்டுக் குடும்பம்.

2020-இல் ஊரடங்கு வந்ததும் பள்ளி சம்பளத்தைப் பாதியாக்கியது. ஃபோனிலேயே வகுப்பெடுத்துப் பழகியது அந்தக் காலத்தில்தான். 2021 நடுவில் வேலையை விட்டார். அப்போது அவர் மனதில் இருந்தது சீனக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கும் வேலை. யூட்யூபில் அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கதவு ஏற்கெனவே பாதி மூடியிருந்தது. பெரிய சீன நிறுவனங்கள் பல, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் உள்ளவர்களைத்தான் கேட்டன. எம்.ஏ. இருக்கிறதா, எத்தனை ஆண்டு அனுபவம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மீதிப் பாதியை 2021 ஜூலையில் சீன அரசே மூடியது. பள்ளி மாணவர்களின் டியூஷன் சுமையைக் குறைக்கிறோம் என்று கொண்டுவந்த விதிகளில், சீனாவுக்கு வெளியே இருக்கும் ஆசிரியர்களை வைத்துக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தக் கூடாது என்பதும் ஒன்று. சீன மாணவர்களை நம்பி இருந்தவர்கள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேறு தளங்களுக்கு நகர்ந்தார்கள். இவர் தொழிலைத் தொடங்கியது அந்தக் கூட்டத்துக்கு நடுவே.

முதல் இரண்டு ஆண்டு

2021 அக்டோபரில் ஒரு சர்வதேசத் தளத்தில் பதிவு செய்தார். எந்த நாட்டு ஆசிரியரும் சேரலாம், கட்டணத்தையும் அவரவரே வைக்கலாம் என்பது அதன் முறை. முதல் சோதனை வகுப்புக்கு மாணவர் கட்டும் பணம் முழுவதும் தளத்துக்குப் போகும். அதன் பிறகு கமிஷன் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, எடுத்த மணிநேரம் கூடக் கூடக் குறைந்து, 400 மணி நேரத்தைத் தாண்டினால் 18 சதவீதத்தில் நிற்கும்.

முதலில் நல்ல ரிவ்யூ சேரட்டும் என்று 50 நிமிட வகுப்புக்கு 4 டாலர் வைத்தார். பிறகு 6 ஆக்கினார். துருக்கி, பிரேசில், ஜப்பான், வியட்நாம் என்று பல நாட்டு மாணவர்கள் வந்தார்கள். ஆனால் வேலை முடிந்து, சாப்பிட்டு, அவர்கள் ஆங்கிலம் படிக்க உட்காரும் நேரம் நம் ஊர் நேரத்தோடு ஒத்துப்போவதில்லை. துருக்கியில் இரவு 8 மணி என்றால் நமக்கு 10.30. பிரேசிலின் பெரிய நகரங்களில் இரவு 8 என்றால் நமக்கு விடிகாலை 4.30. ஜப்பான்காரர்களின் இரவு 8 மணி நமக்கு மாலை 4.30, மகள் பள்ளிவிட்டு வருகிற நேரம் அது.

விடிகாலை வகுப்பில் வேறொரு சிக்கல். திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். முருகனுக்கும் தெய்வானைக்கும் திருமணம் நடந்த தலம் என்பதால் கோயிலிலும் சுற்றியிருக்கும் மண்டபங்களிலும் வரிசையாகக் கல்யாணங்கள். நாலரை மணிக்கெல்லாம் மைக் செட் பாட ஆரம்பித்துவிடும். ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டுப் பார்த்தார். அதற்கும் அடங்காதபோது காலண்டரில் முகூர்த்த நாட்களைச் சிவப்பில் வட்டமிட்டு, அன்றைய பிரேசில் வகுப்புகளை முன்கூட்டியே மாற்றினார். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாட்களிலும் அதே கதைதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் கேபிள்காரர் தெருமுனையில் வைத்திருக்கும் பெட்டிக்கு பேட்டரி இல்லை. ரவுட்டரில் விளக்கு எரியும், நெட் வராது.

வீட்டில் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. மாமியார் மட்டும், "ராத்திரி பதினொரு மணிக்கு யார்கூடம்மா சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்க?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த வகுப்பில் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து துருக்கிப் பெண்ணுக்கு வணக்கம் சொல்லவைத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. தூக்கப் பிரச்சினை தீரவில்லை. இரவு 12 மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் எந்த உடம்பு தாங்கும்? 2023 தொடக்கத்தில் குரல் கம்மிப்போய், காது மூக்கு தொண்டை மருத்துவர் இரண்டு வாரம் பேசாமல் இருக்கச் சொன்னார். அந்த இரண்டு வாரமும் வருமானம் பூஜ்யம்.

கணக்குப் பார்த்தபோது

2023 ஜூலையில், கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதி நெருங்கும்போது என்னிடம் வந்தார். வெளிநாட்டுப் பணத்துக்கு இங்கே வரி கிடையாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது தவறு. இந்தியாவில் குடியிருப்பவருக்கு எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வருமானம் வருமானம்தான். வங்கிக் கணக்கில் விழுந்த தொகையை மட்டும் காட்டலாமா என்றும் கேட்டார். மாணவர் கட்டிய முழுத் தொகையை வரவாகவும், தளம் பிடித்த கமிஷனைச் செலவாகவும் காட்டினோம். அந்த நிதியாண்டு விதிப்படி 5 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருந்ததால் கட்ட வேண்டிய வரி இல்லை. ஆனால் தாக்கல் செய்த கணக்கு கையில் இருந்ததால்தான், சம்பளச் சீட்டு இல்லாத அவருக்குப் பின்னாளில் நகைக்கடன் அல்லாத ஒரு கடன் கிடைத்தது.

அப்போது அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் இந்த ஆய்வுக்கே காரணம். "நாள் முழுக்க வேலை பார்க்கிற மாதிரியே இருக்கு சார். ஆனா கையில நிக்கல. எங்க போகுது?"

பணம் எங்கே போகிறது என்பதைவிட நேரம் எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்றேன். ஆகஸ்ட் மாதம் முழுவதும் ஒரு டைரியில் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். கட்டண வகுப்பு 90. அது 75 மணி நேரம். சோதனை வகுப்பு 14. 12 மணி நேரம். பாடம் தயாரிக்க 32 மணி. மாணவர்களுக்குச் செய்தி அனுப்ப, வீட்டுப்பாடம் திருத்த 20 மணி. வராத மாணவருக்காகத் திரைமுன் காத்திருந்தது, கடைசி நேரத்தில் மாறிய வகுப்பால் வீணானது 9 மணி. ஆக 148 மணி நேரம்.

வரவுப் பக்கம், கமிஷனும் நாணய மாற்றுக் கழிவும் போக வகுப்புக்கு 395 ரூபாய் அளவில் நின்றது. 90 வகுப்புக்கு 35,500. நெட், மின்சாரம், இன்வெர்ட்டர் பராமரிப்பு என்று 1,500 கழித்தால் 34,000. அதை 148-ஆல் வகுத்தால் மணிக்கு 230 ரூபாய்.

இதைப் பார்த்து அவர் முகம் வாடியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளியில் வாங்கிய 15,000-ஐயும் இதேபோல, நோட்டு திருத்தும் நேரத்தையும் சேர்த்து மாதம் 225 மணி நேரத்துக்கு வகுத்துப் பார்த்தால் மணிக்கு 67 ரூபாய்தான் வருகிறது. தளம் ஏமாற்றுகிறது என்று சொல்ல இடமே இல்லை. மூன்று மடங்குக்கு மேல் கொடுக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

அந்த 14 சோதனை வகுப்புகளில் 5 பேர்தான் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். முந்தைய மாதங்களின் பட்டியலைத் தளத்திலிருந்து எடுத்துப் பார்த்தோம். இப்படிச் சேர்கிற ஐந்து பேரில் மூன்றாவது மாதம் மிஞ்சுவது பெரும்பாலும் ஒருவர். அதாவது, நிலைத்து நிற்கும் ஒரு மாணவரைப் பிடிக்க, தயாரிப்பையும் சேர்த்து 17 மணி நேரம் போல அவர் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார். அவர் கவனமெல்லாம் வகுப்புக்கு 6 டாலரா 7 டாலரா என்பதில் இருந்தது. ஒரு மாணவர் எத்தனை மாதம் தங்குகிறார் என்பதை அவர் எண்ணியதே இல்லை. வருமானத்தை நிர்ணயித்தது அதுதான்.

யார் தங்கினார்கள்

ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்களைத் தனியாக எழுதச் சொன்னேன். பட்டியல் சின்னது. இஸ்தான்புல்லில் ஒரு பொறியாளர், ஜெர்மன் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டியவர். ஒசாகாவில் ஓய்வுபெற்ற ஒருவர்; பேச ஆள் வேண்டும் என்பதற்காகவே வந்தவர். மற்ற இரண்டு பேரும் ஏதோ ஒரு தேதிக்குள் எதையோ முடிக்க வேண்டியவர்கள். சும்மா பேசிப் பழகலாம் என்று 4 டாலருக்கு வந்த கூட்டத்தில் ஒருவர்கூட இந்தப் பட்டியலில் இல்லை. மலிவான கட்டணம் மாணவர்களைச் சேர்த்தது உண்மை. சேர்த்தது போகிற மாணவர்களை.

இது நடந்துகொண்டிருக்கும்போதே, 2023 செப்டம்பரில், சவூதியின் தம்மாமில் வேலை பார்க்கும் ஒரு தமிழ் நர்ஸ் தளத்தில் 'தமிழ் தெரிந்த ஆசிரியர்' என்று தேடி இவரிடம் வந்தார். தென்மாவட்டத்துக்காரர். பிரிட்டன் போக ஓஇடி தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு அது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் மற்ற மூன்றுக்கும் பி கிரேடும் எழுதுதலுக்கு மட்டும் சி பிளஸும் கேட்கிறது. இந்த நர்ஸ் எழுதுதலிலும் பேசுதலிலும் தவறிக்கொண்டிருந்தார்.

நம் ஆசிரியைக்கு அந்தத் தேர்வைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை வெளிப்படையாகவே சொன்னார். மாதிரித் தாள்களைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து வகுப்பை ஆரம்பித்தார். சீக்கிரமே இரண்டு விஷயங்கள் அவர் கண்ணில் பட்டன.

எழுதுதலில் நோயாளியைப் பற்றிய கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள். அதைப் படித்து 45 நிமிடத்தில், 180 முதல் 200 சொற்களில், வேறொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ கடிதம் எழுத வேண்டும். அந்த நர்ஸ் நோட்ஸில் இருந்த அத்தனையையும் கடிதத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். இலக்கணத்தில் பெரிய பிழை இல்லை. எதற்காக எழுதுகிறோம் என்பது கடைசிப் பத்தியில்தான் வரும். வாசிக்கிறவருக்கு எது தேவை, எதை விடலாம் என்று தேர்ந்தெடுப்பதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு. பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கணக்கில் கடிதம் திருத்திய ஆசிரியைக்கு இது பழக்கமான நோய். பாதி மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில் தெரிந்ததையெல்லாம் எழுதிவைப்பது நம் பள்ளிகள் பழக்கிய பழக்கம்தானே.

பேசுதலில் இரண்டு ரோல்பிளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் அளவில். எதிரில் இருப்பவர் நோயாளியாக நடிப்பார். நோயாளி கவலையைச் சொன்ன உடனே அந்த நர்ஸ், நம் வார்டுகளில் எல்லாரும் சொல்வதுபோல, "ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் தேர்வில் பார்ப்பது, நோயாளிக்கு எது கவலை என்று கேட்டாரா, அதை வைத்துப் பேச்சைத் தொடர்ந்தாரா என்பதை. இதற்கு முன்பு படித்த ஆன்லைன் வகுப்பில் வெளிநாட்டு ஆசிரியர் 'இன்னும் பரிவோடு பேசுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பரிவோடுதானே பேசுகிறேன் என்று இவருக்குக் குழப்பம். மதுரை அரசு மருத்துவமனையில் மாமனாருக்குத் துணையாகப் பல நாள் இருந்த நம் ஆசிரியைக்கு, அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது கேட்டவுடன் தெரிந்துவிட்டது.

மூன்று மாதத்தில் அந்த நர்ஸ் தேறினார். அவர் சொல்லி அதே ஆஸ்பத்திரியிலிருந்து தோழிகள் வந்தார்கள்.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி நேர்மை சார்ந்தது. தளத்தில் கிடைத்த மாணவரை வெளியே அழைத்துப்போய்ப் பாடம் நடத்தக் கூடாது என்பது தளத்தின் விதி. கமிஷன் மிச்சமாகும் என்று பலரும் அதைச் செய்கிறார்கள். இவர் செய்யவில்லை. தம்மாம் நர்ஸ் கடைசிவரை தளத்தின் வழியாகத்தான் பணம் கட்டினார். அவர் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்த தோழிகள் தளம் கொண்டுவந்தவர்கள் அல்லர். அவர்களை நேரடியாக எடுத்துக்கொண்டார். அவர்களுடைய வீட்டார் இங்கிருந்து ஜிபேயில் அனுப்பினார்கள். இந்த வரம்பு சரியானது என்றுதான் நானும் சொன்னேன். கணக்கு முடக்கப்பட்டால் இரண்டு ஆண்டு ரிவ்யூவும் போய்விடும் என்ற நடைமுறைக் காரணமும் உண்டு.

இரண்டாவது, எதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது. எழுதுதல், பேசுதல் மட்டும்தான் தன் வேலை, வாசித்தலுக்கும் கேட்டலுக்கும் வேறு இடம் பாருங்கள் என்று முதல் நாளே சொன்னார். மருத்துவச் சொற்களில் சந்தேகம் வந்தால், ஓய்வுபெற்ற நர்ஸிங் டியூட்டரான ஒரு உறவினரிடம் மாதத்துக்கு ஒரு தொகை கொடுத்துக் கேட்டுக்கொண்டார். "தேர்ச்சி நிச்சயம்" என்ற வாசகத்தை எங்கும் போடவில்லை.

மூன்றாவதுதான் வாழ்க்கையையே மாற்றிய முடிவு. சவூதி நர்ஸ்களுக்கு 12 மணி நேர ஷிஃப்ட், அதுவும் சுழற்சியில். நிலையான கால அட்டவணை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அப்புறம் யோசித்து, எழுதுதலை நேரலை வகுப்பிலிருந்தே எடுத்துவிட்டார். மாணவி கடிகாரம் வைத்துக் கையால் கடிதம் எழுதி, ஃபோட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். இவர் தனக்கு வசதியான நேரத்தில் திருத்தி, பத்து நிமிட வாய்ஸ் நோட்டோடு 36 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்புவார். ஒரு கடிதத்துக்கு 250 ரூபாய், முன்பணமாக. நேரலை என்பது ரோல்பிளேக்கு மட்டும். அரை மணிக்கு 400 ரூபாய்.

மைக் செட் பாடினாலும், கரண்ட் போனாலும், சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள் வந்தாலும் கடிதம் திருத்துவது நிற்கவில்லை. குரலுக்கும் ஓய்வு கிடைத்தது.

தளத்தில் கட்டணத்தை 10 டாலர் ஆக்கினார். விடிகாலை நேரங்களை மூடினார். பழைய நால்வரில் மூவர் தங்கினார்கள். புதிதாக வருவது குறைந்தது. குறையட்டும் என்றுதான் ஏற்றினார்.

பின் நடந்தது

2024 கடைசியில் மறுபடியும் ஒரு மாதம் டைரி எழுதினார். கடிதங்கள் 110, ரோல்பிளே 30, தளத்தில் 30 வகுப்பு. எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாயை ஒட்டி வந்தது. உழைத்தது 116 மணி நேரம். செலவு போகவும் மணிக்கு 500 ரூபாய் பக்கம் நின்றது. இரவு பத்தரைக்கு மேல் வகுப்பு இல்லை.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. ஒரு மாணவி வாசித்தலில் தவறியதற்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டார். நர்ஸ்களின் வாட்ஸ்அப் குழுவில் கடுமையாக எழுதினார். பணத்தைத் திருப்புவது பற்றி எழுத்தில் எதுவும் இல்லாததால் பேச்சு வளர்ந்தது. மிச்சமிருந்த கடிதங்களுக்கான தொகையைத் திருப்பிக் கொடுத்து முடித்தார். அதன் பிறகு, சேரும்போதே ஒரு பக்க நிபந்தனையைத் தமிழில் அனுப்பி, 'சம்மதம்' என்று பதில் வந்த பிறகே பணம் வாங்குகிறார்.

பெரிய அடி வேறு. பிரிட்டனில் வெளிநாட்டு நர்ஸ்களை வேலைக்கு எடுப்பது வேகம் குறைந்தது. 2025-இல் கடிதங்கள் பாதியாகின. விசாரித்தவர்களில் பலர் ஜெர்மனிக்குப் போக ஜெர்மன் மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். 2021-இல் சீனா எடுத்த முடிவால் வேலை போன ஆசிரியர்களைப் பார்த்து 'ஒரே நாட்டை நம்பலாமா' என்று பேசியவர்தான் இவரும். ஆனால் நிரம்பி வழியும் பட்டியலைப் பார்க்கும்போது யாருக்கும் அடுத்த ஆண்டு நினைவுக்கு வருவதில்லை.

ஆஸ்திரேலியா, அயர்லாந்து போகிறவர்களும் ஓஇடி எழுதுகிறார்கள் என்பதால் தொழில் நின்றுவிடவில்லை. இப்போது மாத வரவு 40,000-ஐ ஒட்டி நிற்கிறது.

மாற்ற வேண்டியவை

அவரிடம் கேட்டபோது முதலில் சொன்னது நேர டைரி. அதை இரண்டாம் ஆண்டின் முடிவில் எழுதியதற்குப் பதிலாக இரண்டாம் மாதமே எழுதியிருக்கலாம் என்கிறார். 4 டாலர் கட்டணத்தைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ரிவ்யூ இல்லாத புது ஆளுக்கு வேறு வழியில்லை என்பது அவர் கட்சி. ஒரு இருபது வகுப்போடு அதை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் சேர்ப்பது இரண்டு. நல்ல மாதங்களில் வந்ததில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கியிருக்க வேண்டும். 2024-இல் வந்த கூடுதல் பணம் மாடியில் ஒரு அறையாகிவிட்டது. அறை பாடம் எடுக்க உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் 2025-இல் செங்கல்லை விற்றுச் செலவைச் சமாளிக்க முடியவில்லை. அடுத்து, ஓஇடிக்கு ஆட்கள் வரிசையில் நின்ற காலத்திலேயே இன்னொரு வகை மாணவர்களையும் வளர்த்திருக்க வேண்டும். தளத்தில் நெடுநாள் தங்கிய அந்தப் பொறியாளர் போல, வேலைக்காக எழுத வேண்டியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அதைத்தான் இப்போது தொடங்கியிருக்கிறார். வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐடி வளாகங்களில் வேலை பார்க்கும் சிலருக்கு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் ஈமெயிலைக் கடிதம் திருத்திய அதே முறையில் திருத்திக் கொடுக்கிறார். நிறுவனத்தின் ரகசியம் எதுவும் வெளியே வராதபடி பெயர், தொகை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனைத் தாளில் புதிதாகச் சேர்ந்த வரி. இதுவரை ஆறு பேர். அவர்கள் எத்தனை மாதம் தங்குகிறார்கள் என்று வரும் மார்ச்சில் கணக்கை முடிக்கும்போது பார்ப்பதாக இருக்கிறோம்.